ரப்பர் பாவிய வீதி

வெர்னர் ஹெர்ஸாக் இயக்கிய ‘ஃபிட்ஸ்கரால்டோ’ (1982) படத்தைச் சென்னையில் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். படத்தின் தொடக்கத்தில் ஓபராப் பித்தன் ஒருவன் தன் காதலியுடன் அமேசான் ஆற்றின் வழியாக மனாவுஸ் நகருக்கு வந்து சேர்கிறான். படகின் இயந்திரம் வழியில் பழுதாகிவிட்டதால் துடுப்புப் போட்டே வந்திருக்கிறான். புண்ணான கைகளில் துணி சுற்றியிருக்கிறது. மாளிகைக்குள் கரூஸோ பாடிக்கொண்டிருக்கிறார். இவனிடமோ நுழைவுச்சீட்டு இல்லை. வாயிலில் நிற்பவனிடம் மன்றாடி, கடைசிப் பகுதியை மட்டும் பின்வரிசையில் நின்றபடி கேட்கிறான்.

படம் முடிந்து வெளியே வந்த நண்பர்கள் மலைமேல் கப்பலை இழுத்த காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கட்டுப் போட்ட கைகள்தான் நினைவில் நின்றன. காரணம் அப்போது விளங்கவில்லை. கரூஸோ ஒருநாளும் மனாவுஸில் பாடியதில்லை, அது ஊர் விரும்பி வளர்த்துக்கொண்ட கதை என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, வேலை நிமித்தம் சாவோ பாவ்லோவுக்குப் போக நேர்ந்தது. வேலை முடிந்து நான்கு நாட்கள் மிச்சமிருந்தன. உடன் வந்தவர்கள் ரியோ கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். நான் மனாவுஸுக்குச் சீட்டு எடுத்தேன். ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணம். அதில் பெரும்பகுதி நேரம் ஜன்னலுக்குக் கீழே ஒரே பச்சை. பச்சை முடிந்து ஊர் தொடங்கும் இடத்தில், காப்பி டிக்காஷன் நிறத்தில் ஓர் ஆறு. ரியோ நெக்ரோ. பெயரின் பொருளே கறுப்பாறு என்பதுதான். நகருக்குக் கொஞ்சம் கிழக்கே அது மண்நிறமான சோலிமோய்ஸ் ஆற்றைச் சந்திக்கிறது. இரண்டும் கலக்காமல் சில கிலோமீட்டர் தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறுவேறாக இருப்பதால் அப்படியாம்.

மார்ச் மாதம், நல்ல மழைக்காலம். சாவோ செபாஸ்தியாவோ சதுக்கத்துக்கு நான் நடந்து போன காலையில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. சதுக்கத்தின் தரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாக அலையலையாகக் கல் பாவியிருந்தார்கள். அந்த இரண்டு ஆறுகளின் கூடலைத்தான் அது குறிக்கிறது என்றார்கள். அலைகளுக்கு அப்பால், படிகளின் மேல், இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகத் தியாத்ரோ அமேசோனாஸ் நின்றது. அதன் மேலே பச்சை, மஞ்சள், நீலம் எனப் பிரேஸில் கொடியின் நிறங்களில் ஒரு குவிமாடம். அதில் 36,000 ஓடுகள் இருக்கின்றனவாம். அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர்ப் பணக்காரர் மகள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலைப் போல இருந்தது. ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

ஓபரா எனக்குப் பழக்கமான கலை இல்லை. இசைத்தட்டுகளில் கொஞ்சம் கேட்டிருக்கிறேன், அவ்வளவே. பாடிக்கொண்டே சாவதற்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்களே என்ற கேலி எனக்குள்ளும் உண்டு. எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் கோவலன் வெட்டுப்படுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை யோசித்தால் அந்தக் கேலிக்கு எனக்கு உரிமையில்லைதான்.

சுற்றிக்காட்டும் குழுவில் நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். வழிகாட்டி இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். ஆங்கிலத்தை நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துப் பேசினாள். 1884-இல் அடிக்கல் நாட்டியது. இடையில் பல ஆண்டுகள் வேலை நின்று கிடந்தது. எதுவார்தோ ரிபேய்ரோ ஆளுநராக வந்தபின் மீண்டும் வேகம் பிடித்தது. 1896 டிசம்பர் 31 அன்று திறப்பு விழா, ஒரு வாரம் கழித்து 1897 ஜனவரி 7 அன்று போன்கியெல்லியின் ‘லா ஜோகொண்டா’ முதல் ஓபராவாக அரங்கேறியது. பளிங்கு இத்தாலியின் கராராவிலிருந்து வந்தது. இரும்பு பிரிட்டனிலிருந்து. குவிமாடத்து ஓடுகள் அல்ஸாஸிலிருந்து. 198 சரவிளக்குகளில் 32 முரானோ கண்ணாடியால் ஆனவை. மேடைத் திரையை பாரிஸில் வைத்து வரைந்தவர் கிரிஸ்பிம் தோ அமரால். திரையிலும் அந்த ஆறுகளின் கூடல்தான். கூடத்தின் விதானத்தையும் அவரே வடிவமைத்தார். இருக்கையில் சாய்ந்து மேலே பார்த்தால் ஐஃபெல் கோபுரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது போலத் தோன்றும். காட்டின் நடுவில் 701 இருக்கைகள் போட்டு, அவற்றில் உட்கார்ந்தவர்களை பாரிஸில் இருப்பதாக நினைக்க வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரு சுற்றுலாப் பயணியின் சோம்பலான தலையாட்டலுடன் கேட்டுக்கொண்டு வந்தேன். மாளிகையின் பக்கவாட்டில் வண்டிகள் வந்து நிற்கும் இடத்தைக் காட்டி அந்தப் பெண் சொன்னாள்: “அந்தக் காலத்தில் இந்த வீதியில் ரப்பர் கலந்த கற்களைப் பாவியிருந்தார்கள். தாமதமாக வருபவர்களின் குதிரை வண்டிச் சத்தம் உள்ளே பாடுகிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்பதற்காக.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெர்மானியர் ஒருவர் கீழே குனிந்து புகைப்படம் எடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு நினைவு வந்தது என் அப்பாயியின் கை.

அப்பாயி பிறந்தது மலேயாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவளுடைய அப்பா 1912 வாக்கில் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். அப்பாயி பதினான்கு வயதில் பால் வெட்டத் தொடங்கினாள். ரப்பர் மரத்தை அவள் ஒருபோதும் ரப்பர் மரம் என்று சொன்னதில்லை. பால்மரம் என்றுதான் சொல்வாள். 1949-இல் என் அப்பாவை மூன்று வயதுப் பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு ‘ரஜூலா’ கப்பலில் திரும்பி வந்தாள். அதன்பின் திருச்சிக்குக் கிழக்கே எங்கள் கிராமத்தை விட்டு எங்கும் போனதில்லை. 1998-இல் இறக்கும்வரை காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவாள். எழுந்து செய்வதற்கு ஒன்றும் இருக்காது. திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். பிரட்டுக்குப் போகிற நேரம் உடம்பில் ஊறிவிட்டது என்பாள். பிரட்டு என்பது விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அதற்குத் தாமதமாக வருகிறவர்களின் காலடியில் யாரும் ரப்பர் பாவி வைக்கவில்லை.

ஒருமுறை, எனக்கு எட்டு வயதிருக்கும், கொல்லையில் இருந்த முருங்கை மரத்தில் எனக்குப் பால் வெட்டக் கற்றுக்கொடுத்தாள். கத்தியைப் பிடித்திருந்த என் கைமேல் தன் கையை வைத்து, இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக இழுத்தாள். உள்ளங்கை சொரசொரப்பாக, மரப்பட்டை போலவே இருந்தது. கட்டைவிரலின் அடியில் ஒரு வெட்டுத் தழும்பு.

“தோலு மட்டும்தான் போவணும். உள்ள மரத்துல பட்டுச்சுன்னா காயம். காயம் பட்டா கங்காணி சம்பளத்துல புடிச்சிருவான்” என்றாள்.

அவளுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு மரம். நிரை நிரையாக நின்ற மரங்களுக்கு இடையே, இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்குடன் போவார்கள். வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும். வெட்டி முடித்துத் திரும்ப வந்து, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் ஊற்றி, தலையிலோ தோளிலோ சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். முந்தைய நாளின் ஒட்டுப்பாலைப் பிய்த்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் புளித்த வாடை அவளை விட்டுப் போகவே இல்லை என்று அம்மா சொல்வார். நான் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவள் தோட்டத்தை விட்டு வந்துவிட்டாள் என்பதால் அம்மா சொன்னது மாமியார் மீதான விமர்சனமாகவும் இருக்கலாம்.

மனாவுஸின் கதையும் எங்கள் தோட்டத்தின் கதையும் ஒரே விதையில் தொடங்குகின்றன. ஆங்கிலேயரான ஹென்றி விக்காம் தபஜோஸ் ஆற்றங்கரைக் காடுகளில் சேகரித்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளுடன் 1876-இல் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். அவற்றை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் ‘அமேசோனாஸ்’. முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்குச் சென்றன. மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ஹென்றி ரிட்லி செம்மைப்படுத்தினார். தோட்டத்துரைகள் முதலில் அவரைப் பைத்தியக்காரர் என்றார்கள். அப்பாயி என் கையைப் பிடித்து இழுத்த அந்தச் சாய்வான கோடு அங்கிருந்து வந்ததுதான். விதைகள் பயணப்பட்ட இருபதாவது ஆண்டில் இந்த ஓபரா மாளிகையைத் திறந்தார்கள். அதன் முடிவு அப்போதே மலேயாவில் வேர் விட்டிருந்தது.

1910-இல் ரப்பர் விலை உச்சம் தொட்டது. அந்த விலையை நம்பித்தான் என் கொள்ளுத்தாத்தாவுக்குக் கங்காணி முன்பணம் கொடுத்திருப்பான். 1913 வாக்கில் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் அமேசான் காட்டு ரப்பரை அளவில் முந்திவிட்டது. பிறகு மனாவுஸ் எழுந்திருக்கவே இல்லை. காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று தூரம் தூரமாக நிற்கும். நெருக்கி நட்டால் இலைகளில் ஒருவகைப் பூஞ்சை நோய் பரவி அழித்துவிடும். 1928 முதல் ஹென்றி ஃபோர்டு கோடிகளைக் கொட்டி முயன்று தோற்று, 1945-இல் அந்த நிலத்தைப் பிரேஸில் அரசிடமே விற்றுவிட்டுப் போனார். மலேயாவில் அந்த நோய் இல்லை. நெருக்கமாக நடலாம். நெருக்கமாக ஆட்களைக் குடிவைக்கலாம். மாளிகையில் விளக்குகள் அணைந்தன. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு இங்கே ஓபரா மிக அரிதாகிப்போனது.

வழிகாட்டிப் பெண் விக்காமைத் திருடன் என்றாள். பிரேஸிலில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் அன்று இருக்கவில்லை என்பது வேறு விஷயம். சட்டம் இல்லாத இடத்தில் திருட்டு கிடையாது என்று வாதாட எனக்கும் மனமில்லை. ஆனால் விதை மட்டும் போயிருந்தால் மனாவுஸ் விழுந்திருக்காது. விதைக்குப் பின்னால் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். இந்த 701 இருக்கைகளைக் காலி செய்தவர்களில் என் அப்பாயியும் ஒருத்தி. அந்த எண்ணம் தோன்றியபோது எனக்கு உண்டான உணர்வைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால், அது ஒரு அற்பமான பெருமிதம். உடனே அதற்காக வெட்கமும் வந்தது. அவள் காலி செய்த இருக்கையில் அவளும் உட்காரவில்லையே.

மேல்தளத்தில் விருந்து மண்டபம். அதன் மரத்தரை காட்டு மரங்களின் வெவ்வேறு நிறத் துண்டுகளை ஆணியில்லாமல் பொருத்திச் செய்தது. அதில் நடப்பதற்கு எங்கள் காலணிகளுக்கு மேல் மாட்டிக்கொள்ளப் பெரிய துணிச் செருப்புகள் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரும் காலைத் தூக்காமல் வழுக்கிக்கொண்டு போனோம். பார்க்க வந்தவர்களைக் கொண்டே தரையை மெருகேற்றிக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருந்தது.

இத்தாலியரான தொமெனிகோ தெ ஆஞ்ஜெலிஸ் வரைந்த விதானத்தில், அமேசானில் நுண்கலைகள் மகிமை பெறுவதாகச் சொல்லி, தேவதைகள் மேகங்களில் மிதக்கிறார்கள். சுவரில் ஒரு காட்சி: பெரி என்ற குவாரனிப் பழங்குடி வீரன், செசி என்ற வெள்ளைக்காரப் பெண்ணைத் தீயிலிருந்து காப்பாற்றுகிறான். கார்லோஸ் கோமேஸின் ‘இல் குவாரனி’ ஓபராவில் வருவது. 1870-இல் மிலான் நகரின் லா ஸ்காலாவில் அரங்கேறிப் பிரேஸிலுக்குப் பெயர் வாங்கித் தந்த படைப்பு. கோமேஸ் 1896 செப்டம்பரில், இதே ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள பெலேமில் இறந்தார். இன்னும் மூன்றரை மாதம் இருந்திருந்தால் இந்த மாளிகையின் திறப்பைப் பார்த்திருக்கலாம்.

தீயிலிருந்து ஒரு சீமாட்டியைக் காப்பாற்றும் பழங்குடிக்குச் சுவரில் இடமிருக்கிறது. ஆற்றின் மேல்பகுதியில், புதுமாயோவில், ஹூலியோ ஸேஸர் அரானாவின் நிறுவனம் ரப்பருக்காகச் சவுக்கால் அடித்தும் பட்டினி போட்டும் கொன்ற ஹுய்தோதோ மக்களைப் பற்றி ராஜர் கேஸ்மெண்ட் நேரில் போய் விசாரித்து எழுதிய அறிக்கை 1912-இல் வெளிவந்தது. விதானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இந்த மண்டபத்தில் நடனமாடியவர்களுக்கு அது செய்தியாக இருந்திருக்காது. மரத்தில் பால் வெட்டும் ஒருவனின் உருவம் மாளிகையில் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் படவில்லை. லெகோ கட்டைகளால் செய்த மாளிகையின் சிறு மாதிரி ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. குழந்தைகள் அதைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள்.

செருப்புகளைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். என் பாட்டி மலேயாவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள், நாங்கள் தமிழர்கள் என்று. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதைப் போலவும் கணக்குக் கேட்பதைப் போலவும் அது ஒரே நேரத்தில் ஒலித்தது.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு உரக்கச் சிரித்தாள். “அப்படியானால் எங்களை ஓட்டாண்டியாக்கியது உங்கள் பாட்டிதான்!”

சிரிப்பு அடங்கியதும், தன் கொள்ளுத்தாத்தா சியரா மாநிலத்திலிருந்து வறட்சிக்குத் தப்பி ரப்பர் காட்டுக்கு வந்தவர் என்றாள். படகுக் கூலி, கத்தி, துப்பாக்கி, மரவள்ளி மாவு எல்லாம் முதலாளியின் கணக்கில் கடன். காட்டில் இறங்கும்போதே கடனாளி. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது மரத்தைத் தேடி நடந்து, மாலையில் பாலைப் புகையில் சுட்டு உருண்டையாக்குவார். விலை விழுந்தபோது முதலாளி ஓடிவிட்டான். கடன் என்னவாயிற்று என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

“கத்திக்குமா காசு பிடித்தார்கள்?” என்று கேட்டேன்.

“கத்திக்கும்தான்” என்றாள்.

அவர் இந்த மாளிகைக்குள் வந்திருக்கிறாரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவளே சொன்னாள்: அவர் மனாவுஸைப் பார்த்தது இரண்டே முறை, வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை. தன் குடும்பத்தில் முதன்முதலாக இந்தப் படிகளில் ஏறியது தான்தான் என்றும், வேலைக்கு நேர்முகத்தேர்வுக்கு வந்தபோது முன்வாசல் வழியாக வரலாமா என்று காவலரிடம் கேட்டதாகவும் சொன்னாள். “இன்று இரவு கச்சேரி இருக்கிறது. அவசியம் வாருங்கள்” என்றாள்.

போனேன். மாளிகை 1990-இல் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. 1997-இல் ஓபரா விழா தொடங்கியது. அதே ஆண்டில் உருவாக்கிய அமேசோனாஸ் பில்ஹார்மோனிக் குழுவுக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கலைஞர்களை அழைத்து வந்தார்கள். சோவியத் ஒன்றியம் சிதறியபின் பிழைப்புத் தேடி அமேசானுக்கு வந்த வயலின் கலைஞர்கள். இந்த ஊருக்கு வெளியிலிருந்து ஆட்களை வரவழைக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

மூன்றாவது அடுக்கில் ஓரமாக ஓர் இடம் கிடைத்தது. எனக்கு முன்னால் ஒரு குடும்பம். அப்பா சந்தையில் மீன் விற்பவராக இருக்கலாம், அரைக்கை சட்டையும் ரப்பர்ச் செருப்பும் போட்டிருந்தார். மடியில் ஒரு பெண்குழந்தை. அதிபர்களும் அவர்கள் மனைவியரும் வைரம் மின்ன உட்கார்ந்திருந்த தனிமாடங்களில் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறுகளின் கூடல் வரைந்த திரை மெதுவாக மேலேறியது. சுருட்டாமல் அப்படியே குவிமாடத்துக்குள் போய்விடுகிறது.

முதலில் வாசித்தது ‘இல் குவாரனி’யின் முன்னிசை. பிரேஸில் வானொலியின் அரசுச் செய்தி நிகழ்ச்சிக்கு முகப்பிசையாக அது நெடுங்காலம் ஒலித்துவருவதால் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. முன்னால் இருந்தவர் குழந்தையின் முதுகில் தாளம் தட்டினார். பித்தளைக் கருவிகள் எழுந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பகல் முழுவதும் இந்த மாளிகைக்கு எதிராக மனத்துக்குள் சேர்த்து வைத்திருந்த சாட்சியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. இரத்தத்தில் கட்டியது, கடனில் கட்டியது, எல்லாம் உண்மை. இந்த மரச்சுவர்களில் பட்டு ஒலி திரும்பி வரும் கனிவும் உண்மையாகத்தான் இருந்தது. அப்பாயி இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு இசை என்றால் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் கேட்ட உறுமி மேளம். “நல்லாத்தான் அடிக்கிறாங்க” என்றிருப்பாள். அல்லது தூங்கிப்போயிருப்பாள். இரவு எட்டு மணிக்குமேல் அவள் விழித்திருந்து நான் பார்த்ததில்லை.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சதுக்கத்து ஓரக் கடையில் சுரைக்குடுக்கையில் தகாகா கொடுத்தார்கள். மரவள்ளிச் சாறும் உலர் இறாலும் ஏதோ கீரையும் போட்ட சூடான கஞ்சி. கீரை நாக்கை மரத்துப்போகச் செய்கிறது. மரத்த நாக்குடன் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே காலை ஏழரை மணி. அப்பாவுக்குத் தோட்டத்தைப் பற்றிச் சொந்த நினைவு என்று ஒன்றும் கிடையாது. இருந்தாலும் பிறப்புச் சான்றிதழில் ‘பேராக்’ என்று இருப்பதை அவர் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. பால்மரத்துக் காசில் கட்டிய மாளிகையைப் பார்த்தேன் என்றேன். இந்த மரமே இங்கிருந்துதான் அங்கே வந்தது என்றேன். வீதியில் ரப்பர் பாவியிருந்த கதையையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “என்னடா இரைச்சல், மழையா அங்க?” என்றார்.

“ஆமாப்பா. ஊத்துது.”

“அப்ப நாளைக்குக் காலையில வெட்டு கெடையாது” என்றார். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து, மழைநாள் விடியலில் சொல்கிற அதே குரலில்.